பத்து நிமிடம் மட்டும் செல்லும்

சத்தியம். கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், அடித்து அணைக்கிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு புழுத்துப்போகட்டும், அரூர் பஸ் ஸ்டாண்டில் நடுவெயிலில் நிற்கவைத்துச் செருப்பால் அடியுங்கள், நானே குனிந்து தருகிறேன். ஏகாம்பரம் சொல்கிறான் என்றாலே ஊரில் பாதிப்பேருக்குச் சிரிப்பு வரும், வரட்டும். கிணற்றில் முதலை பார்த்தது கதை, ஒப்புக்கொள்கிறேன். கலெக்டருக்கு நான் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தது கதை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தெட்டு வருஷம் லேப் அசிஸ்டெண்டாக இருந்தது மட்டும் உண்மை, அதை யாரும் கேட்பதில்லை. இதுவும் அந்த மாதிரிதான், நடந்தது. மூன்று நாற்பத்திரண்டுக்கு ஆரம்பித்து மூன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்துபோன விஷயம். சட்டைப்பையில் போன் ஒரு தடவை நடுங்கியது, அவ்வளவுதான் ஆரம்பம்.

எடுத்துப் பார்த்தேன். ஆறு எண்கள். அதற்குக் கீழே, பத்து நிமிடம் மட்டும் செல்லும். எதிரே கம்ப்யூட்டருக்கு முன்னால் மோனிஷா உட்கார்ந்திருக்கிறாள், பதினேழு வயசு, இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவள், நெற்றியில் வேர்த்துப் பொட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஷகிலா டீச்சர், கம்ப்யூட்டருக்கென்று தற்காலிகமாகப் போட்டவர், மௌஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு. "லேப் தாத்தா, ஓடிபி வந்துச்சா?" என்றாள் மோனிஷா. "இன்னும் இல்லம்மா" என்றேன். போனைத் திரும்பப் பையில் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாய் அதுவாகச் சொன்னது, பழக்கம், நாய்க்கு வால் மாதிரி. நெஞ்சுக்குள் ஒன்றும் துடிக்கவில்லை, பயம்கூட இல்லை, சுவரில் கடிகாரம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, நான் ஓடவில்லை. இப்படித்தான் இருக்கிறது கொஞ்ச காலமாக. ஆசிட் புகையில் மூக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது, போன மாசம் வீட்டில் கேஸ் கசிந்து பக்கத்து வீட்டுக்காரி அலறிக்கொண்டு ஓடிவருகிறாள், நான் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறேன், "செத்திருப்பீங்களே பெரியவரே" என்கிறாள், ஆமாம் என்றேன், இன்னொரு இட்லி வைத்துக்கொண்டேன். மூக்கோடு வேறு எதுவும் சேர்ந்து போய்விட்டதோ என்னவோ, டாக்டரிடம் இதற்கு என்ன பேர் சொல்லிக் கேட்பது.

அவள் ஓடிபி என் போனுக்கு ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருப்பீர்கள். மூன்று வருஷமாக ரிசல்ட் வந்ததும் இந்த கம்ப்யூட்டர் அறைக்கு உதவி மையம் என்று ஒரு போர்டு மாட்டுகிறார்கள். காலேஜா, வெளிநாடா, கம்பெனியில் அப்ரண்டிஸா என்று தெரியாமல் முழிக்கிற பிள்ளைகள் வந்து கேட்கவேண்டும், நாங்கள் சொல்லவேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏகாம்பரம், சும்மாதானே இருக்கீங்க, வந்து உக்காருங்க, உங்களப் பாத்தா பிள்ளைங்க பயப்படாதுங்க" என்றார். விண்ணப்பத்தில் ஒரு போன் நம்பர் கேட்கும். அங்கேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். அப்பன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் எந்தக் காட்டில் இருக்கிறானோ, அம்மா போனில் ரீசார்ஜ் முடிந்து வருகிற போனும் நின்றிருக்கும், அண்ணன் நம்பர் மாசத்துக்கு ஒன்று. "என் நம்பரப் போடு கண்ணு" என்பேன், பெருந்தன்மையாக. அப்படிப் பதினோரு பேர். நம்பரை ஒரு தடவை போட்டால் லேசில் மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியாது, அதுகளுக்கும் தெரியாது. இப்போது பதினோரு பேருடைய பரீட்சை, பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப், பேங்க், எல்லாம் என் சட்டைப்பையில் வந்து நடுங்கிவிட்டுப் போகிறது. முதலில் போன் போட்டு நம்பரைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்பேன். அப்புறம் நம்பர் மட்டும். அப்புறம் அதுகளே போன் பண்ணி "தாத்தா, சீக்கிரம்" என்னும், சொல்வேன், வைத்துவிடும்.

மூன்று நாற்பத்து நாலு. "இன்னும் வரலையா?" என்றார் ஷகிலா டீச்சர். "டவர் ஒரு கோடுதான் இருக்கு" என்றேன். விஷயம் இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மோனிஷாவுக்கு கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் சீட் ஒதுக்கியிருக்கிறது. அவளுக்கு அது வேண்டாம், ஓசூரில் ஒரு கம்பெனி அப்ரண்டிஸாக எடுக்கிறது, அதற்குப் போகிறேன் என்கிறாள். வேறெங்கும் அவள் பேரில் சீட் இல்லை என்று காகிதம் காட்டினால்தான் கம்பெனிக்காரன் சேர்ப்பான். இன்று ஐந்து மணிக்குள் அவள் வேண்டாம் என்று அழுத்தினால் சீட் போகும், அழுத்தாவிட்டால் சீட் அவள் பேரிலேயே நிற்கும், கம்பெனி போகும். அழுத்த ஓடிபி வேண்டும். இரண்டு தடவைதான் அனுப்பும். முதல் தடவை காலையில் டவர் இல்லாமல் வீணாய்ப் போயிற்று, அது சத்தியமாக டவர்தான். இது இரண்டாவது. என் பையில் இருக்கிறது. எட்டு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு பெண் இன்ஜினியர் ஆகிவிடுவாள். ஆவாளா? ஆகாமலும் போகலாம், இந்த அறையில் வந்து இன்ஜினியர் ஆகப்போன பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது கடைத்தெருவில் போன் கவர் விற்கிறார்கள், என்னைப் பார்த்தால் ஒரு கவர் இலவசமாகத் தருகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அவள் ஏன் ஓசூர் போகிறாள் என்று எனக்குத் தெரியும், அதுதான் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, முள் நிற்பது தெரிகிறது, வலிக்கத்தான் இல்லை. ரெஜினா. ஜூனில் ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது, ஒன்பது பிள்ளைகள் இதே பெஞ்சில், ஒன்றின் முகத்திலும் களையில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். காவேரிப்பட்டணத்துப் பெண் ரெஜினா, பத்தொன்பது வயசில் ஓசூரில் அப்ரண்டிஸ், முதல் வருஷம் முழுக்க அரத்தைப் பிடித்துத் தேய்ப்பதுதான் வேலை, தேய்த்துத் தேய்த்து இரும்பை மல்லிகை இதழ் கனத்துக்குக் கொண்டுவந்தாள், மிஷினில் காதை வைத்தால் உள்ளே எந்த பேரிங் எத்தனை நாளில் சாகும் என்று தேதி சொல்வாள். ஜெர்மனியில் ஒரு மிஷின் ஆறு மாசமாக ஓடவில்லை, முதலாளி ஓடிவந்து இவளைப் பிளேனில் கூட்டிப்போகிறான், மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தாள், ஒரே ஒரு ஆணியைக் கழற்றினாள், ஓடியது பாருங்கள், அது ஓடின ஓட்டத்தில் பக்கத்துக் கம்பெனி மிஷினும் சேர்ந்து ஓடியது. பிள்ளைகள் சிரித்தன. இவள் மட்டும் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கத்து ஆணி தாத்தா?" என்று கேட்டாள். "இடது பக்கம்" என்றேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் கம்பெனி விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். சேலத்து ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான வெளிநாட்டுப் படிப்பு விளம்பரப் புத்தகம் ஒன்றை அவள் மாமா கொடுத்திருக்கிறார், அதில்தான் அந்தக் கத்தரித்த காகிதத்தை மடங்காமல் வைத்திருந்தாள்.

வெளிநாடு என்றதும் ஜெயசீலன் வந்துவிடுவான், வராமல் இருக்கமாட்டான், மூன்று நாற்பத்தாறு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே நாற்காலி. உயரமான பையன், உட்கார்ந்தால் முட்டி மேஜையில் இடிக்கும். உள்ளூர்க் காலேஜா வெளிநாடா என்று அவனுக்கு இழுபறி. நான் சொன்னேன், அங்கே பனி பெய்தால் காலேஜ் லீவு, லீவுக்கும் உதவித்தொகை, பனியை அள்ளிப் பாலை ஊற்றினால் ஐஸ்கிரீம், ரொட்டி வாங்கினால் வெண்ணெய் சும்மா. விழுந்து விழுந்து சிரித்தான். போனான். என் கதையால் போனானா, ஏஜென்ட் புத்தகத்தால் போனானா, யாருக்குத் தெரியும். அங்கே போன பிறகும் அவன் ஊர்ப் பேங்க் கணக்குக்கு என் நம்பர்தான், வாரத்துக்கு ஒரு தடவை பையில் நடுங்குவான். சரி, இருக்கிறான், சாப்பிட ஏதோ எடுக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். மாசி மாசத்துக்கு அப்புறம் ஒன்றுமில்லை. நம்பரை மாற்றியிருப்பான். மாற்றியிருப்பான், மாற்றாமல் எப்படி. அவன் அம்மா கச்சேரிமேட்டில் தையல் கடை வைத்திருக்கிறது, போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. நான் இப்போது அந்தப் பக்கம் போனால் தெருவின் எதிர் வாடையில் நடக்கிறேன். ஒரு நாள் அந்தம்மா கடைக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் கூப்பிட்டது, நல்ல செய்தி சொல்லவா, வேறெதற்காவதா, கையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது, நான் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதுதான் விஷயம்.

என்னை யாரும் இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை. எனக்கு இருபது வயசு, பெரியப்பா என்னைப் பள்ளிக்குக் கூட்டிவந்து அன்றைய ஹெட்மாஸ்டர் முன்னால் நிறுத்தினார், "பையன் பாட்டில உடைக்கமாட்டான்" என்றார், அதுதான் என் இன்டர்வியூ. நான் அதற்கு மறுநாள் லாரி ஆபீஸ் ஒன்றில் சேருவதாக இருந்தேன், பம்பாய் போகிற லாரி. அதை நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் நாலு பாட்டில்தான் உடைத்தேன். போகாத பம்பாயைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை கதை சொல்லியிருப்பேன், பம்பாயில் பாதி நான் கட்டினது. யாராவது என்னை அன்றைக்கு உட்காரவைத்து ஒரு பெரிய பொய்யாகச் சொல்லியிருந்தால் நான் லாரி ஏறியிருப்பேனா? ஏறியிருந்தால்? தெரியவில்லை, நினைத்துப் பார்க்கிறேன், இருபது வயசுக்காரன் லாரியில் போகிறான், யாரோ போகிறான், போகட்டும்.

மூன்று நாற்பத்தெட்டு. "சர்வர்ல மறுபடி அனுப்பச் சொல்லிப் பாக்கலாமா?" என்கிறார் ஷகிலா டீச்சர். "இதுதான் கடைசி டீச்சர், இதுக்கு மேல அனுப்பாது" என்கிறாள் மோனிஷா, அவளுக்கு எல்லா விதியும் தெரிந்திருக்கிறது. அவள் குரல் நடுங்கவில்லை. நான் அவள் கையைப் பார்க்கிறேன், இடது கைக் கட்டைவிரல் நகத்தை வலது கையால் உரித்துக்கொண்டே இருக்கிறாள். ரெஜினாவை நம்பி வந்த நகம். எட்டு மணி நேரம் நிற்கவேண்டும், ஷிப்ட் மாறும், இரும்புத் தூள் கண்ணில் விழும், அங்கே யாரும் காது வைத்து பேரிங்குக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. இன்னும் நாலு நிமிஷம் சும்மா இருந்துவிடு ஏகாம்பரம். சும்மா இருப்பதுதான் உனக்கு நன்றாக வருமே. சீட் நிற்கும், அரசாங்க சீட், ஊரே கும்பிடும். கம்பெனி போனதற்கு டவரைத் திட்டுவார்கள். ஆனால் அப்போதும் ஒரு பொய்யால்தானே இவளை ஓரிடத்துக்கு அனுப்புகிறேன், முதல் பொய்க்கு வாய் வேண்டியிருந்தது, இதற்கு அதுகூட வேண்டாம். இரண்டையும் நிறுத்துப் பார்க்க முயன்றேன், தராசு அசையவே இல்லை. கடைசியில் யோசித்து எடுத்த முடிவென்று நினைத்துவிடாதீர்கள், ஏப்பம் வருகிற மாதிரி வந்தது.

"ரெஜினான்னு ஒருத்தி கிடையாதும்மா" என்றேன்.

ஷகிலா டீச்சர் மௌஸை விட்டுவிட்டார். "யாரு தாத்தா?" என்றார். "ஓசூர்க் கதை டீச்சர், கரண்ட் போனப்ப சொன்னேன். நான் கட்டினது. அவள நம்பி கவர்மென்ட் சீட்ட விட்டுடாதம்மா மோனிஷா." மோனிஷா நகத்தை உரிப்பதை நிறுத்தினாள். "தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "பக்கத்துக் கம்பெனி மிஷினும் சேந்து ஓடுச்சுன்னீங்களே, அப்பவே தெரியும். எனக்கு பிசிக்ஸ்ல தொண்ணூத்தாறு தாத்தா. நீங்க எவ்ளோ தூரம் போவீங்கன்னு பாக்கத்தான் எந்தப் பக்கத்து ஆணின்னு கேட்டேன்." ஷகிலா டீச்சர் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கவேண்டும். "அப்ப எதுக்கும்மா சீட்ட விடற?" என்றேன். "நான் போய்ப் பாத்தேன். போன வியாழக்கிழமை, அம்மாவோட. மொரப்பூர்ப் பொண்ணு ஒண்ணு, ரெண்டாவது வருஷம், முழங்கை வரைக்கும் கிரீஸ். நாங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு கைய ஆட்டறோம், அது திரும்பக்கூட இல்ல, வேலையில இருந்துச்சு. எனக்கு அது வேணும். சாயங்காலம் டிப்ளமோவும் படிக்க வைக்கறாங்க. பன்னெண்டு வருஷம் பெஞ்சில உக்காந்தாச்சு தாத்தா, இன்னும் நாலு வருஷம் உக்காரச் சொல்றீங்களா?" அப்படியானால் ரெஜினாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாசமாக நான் சுமந்துகொண்டு திரிந்தது இவள் வாசலில் இறக்கியே வைக்காத மூட்டை. லேசாக இருக்கவேண்டும், இல்லையா. இருந்த மாதிரியேதான் இருந்தது.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா இதை வெளிய சொல்லிடாதீங்க" என்றாள், மெதுவாக. "அப்பாகிட்ட அந்த கிரீஸ் அக்காவப் பத்திதான் மொதல்ல சொன்னேன். பொட்டப்புள்ளைக்கு இரும்பு வேலையான்னு போன வச்சிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு ரெஜினாவச் சொன்னேன். ஜெர்மனி, பிளேன், எல்லாம். லாரியில இருந்தவங்களையெல்லாம் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டாரு. சரி போன்னாரு." பிறகு கையை நீட்டினாள். "ஓடிபி சொல்லுங்க. வந்து எட்டு நிமிஷம் ஆவுது. வெள்ளச் சட்டை போட்டுட்டு வந்திருக்கீங்க தாத்தா, பாக்கெட்ல லைட் எரிஞ்சது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது." எட்டு நிமிஷமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், நகத்தை உரித்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று. நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அடித்தாள். ஷகிலா டீச்சர் "அழுத்தட்டுமா?" என்றார், "நானே அழுத்தறேன் டீச்சர்" என்றாள். பச்சையில் ஒரு வரி வந்தது. கவர்மென்ட் சீட் போயிற்று, சத்தமே இல்லாமல், திருவண்ணாமலையிலோ எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ துள்ளிக் குதித்திருப்பார்கள்.

மூன்று ஐம்பத்தொன்று. என் போன் அடித்தது. சத்தீஸ்கரிலிருந்து, பின்னால் கல்லைத் துளைக்கிற சத்தம். "சார், நான் சின்னப்பையன். மோனிஷா அப்பன். உங்க லேப்ல சோடியம் திருடின சின்னப்பையன் சார்." "சொல்லுப்பா" என்றேன். மோனிஷா எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை, திங்கட்கிழமை கம்பெனி காகிதத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும், அதற்காக லாரியை விட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அவன் போடவில்லையென்றால் சீட்டும் இல்லை, ஓசூரும் இல்லை. "சார், அந்த ரெஜினாம்மா நெஜமாலுமே இருக்குதா சார்? நீங்கதான் சொன்னீங்கன்னு புள்ள சொல்லுது. நீங்க சொன்னதுன்னாவே இங்க ஒருத்தன் சிரிக்கறான்." வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காமலே அள்ளிக் கொடுத்தவன் நான், இப்போது ஒருத்தன் கேட்கிறான். "இருக்குது" என்றேன். "எங்க சார்?" "காவேரிப்பட்டணம்." துளைக்கிற சத்தம் நின்றது, யாரையோ நிறுத்தச் சொல்லியிருப்பான் போல. "சார்" என்றான், குரல் வேறு மாதிரி இருந்தது, "எனக்கு இந்த லாரியில ரெண்டு வெரல் போயிருச்சு, புள்ளைக்குத் தெரியும், வலது கை. கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ரெஜினாவுக்குப் பத்து வெரலும் இருக்குதா சார்?"

மோனிஷாவைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். "இருக்குதுப்பா" என்றேன். "பத்தும் இருக்குது. நானே பாத்திருக்கேன்." "அது போதும் சார்" என்றான், வைத்துவிட்டான். போனைப் பையில் போடப் போனேன், பை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை சட்டைக்கு வெளியே விட்டேன். மோனிஷா எடுத்து உள்ளே வைத்தாள். ஏதோ ஒன்று வந்தது, அழுகையா என்று பார்த்தேன், வெறும் இருமல்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டான், அவள் போய்விட்டாள். அங்கே எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, பேங்க், கம்பெனி எல்லாவற்றுக்கும் அவள் சொந்தமாக ஒரு நம்பர் வாங்கிவிட்டாள். சின்னப்பையன் ஆடிப்பெருக்குக்கு மறுபடி வருகிறானாம், காவேரிப்பட்டணத்தில் இறங்கி ரெஜினாம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவானாம். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லி வைத்தால்கூடப் போதும். வலது கையில் இரண்டு விரல் இல்லாத ஒரு ஆள் வந்து கேட்டால், ரெஜினாவா, போன வாரம்தான் ஜெர்மனிக்குப் போனாள், அங்கே ஒரு மிஷின் ஓடவில்லையாம் என்று சொல்லச் சொல்லுங்கள். யார் சொல்லச் சொன்னார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அங்கே மட்டும் என் பேரை எடுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நான் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.